எழுந்து, நடந்து, திரும்பி வர எத்தனை நொடி?

மதுரைப் பக்கத்தில் ஐம்பது வருடங்களுக்கு முன்பு ஒரு பெரியவர் வழுக்கி விழுந்தால் என்ன நடக்கும் என்பது அந்தக் காலத்து வீடுகளில் வளர்ந்த எல்லோருக்கும் தெரியும். நாலு பேர் தூக்கி வந்து நடையில் கட்டிலைப் போட்டுப் படுக்க வைப்பார்கள். கட்டுப் போடுகிறவரைக் கூட்டி வர ஒருவர் சைக்கிளில் கிளம்புவார். வைத்தியர் வந்து முட்டை வெள்ளைக்கருவையும் உளுந்து மாவையும் குழைத்துப் பூசி, மூங்கில் தப்பை வைத்துத் துணியால் இறுக்கிச் சுற்றுவார். கை எலும்பு என்றால் பல நேரம் கூடிவிடும். இடுப்பில் ஒடிந்திருந்தால் கதை வேறு. தொடை எலும்பு இடுப்போடு சேரும் கழுத்துப் பகுதி முறிந்துவிட்டால் எந்தத் தப்பையும் அதைச் சேர்க்காது. அந்த மனிதர் பிறகு எழுந்து நடமாட மாட்டார். முதுகில் படுக்கைப்புண் வரும், நெஞ்சில் சளி கட்டும், சாப்பாடு குறையும். சில மாதங்களில் துட்டி கேட்க வந்தவர்கள், "விழுந்தது ஒரு சாக்கு, வயசாயிடுச்சுல்ல" என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

அவர் ஏன் விழுந்தார் என்று யாரும் கேட்டதில்லை. விழுவதற்கு முன்னால் அவருடைய காலில் ஏதாவது தெரிந்ததா என்ற கேள்வியே எழவில்லை. அந்தக் கேள்விக்கு இன்று பதில் இருக்கிறது. ஒரு நாற்காலி, மூன்று மீட்டர் தரை, கைபேசியில் உள்ள நொடிமானி. இவ்வளவுதான் கருவி. ஆனாலும் நம்மில் பெரும்பாலோர் விழுந்த பிறகே அந்த நாற்காலியில் போய் உட்காருகிறோம். இதைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று தோன்றியது.

அன்றைக்குச் சோதனை இல்லை என்று சொன்னேன். வைத்தியரிடம் இல்லை, அவ்வளவுதான். வாழ்க்கையே தினமும் சோதித்துக்கொண்டிருந்தது. மேலூர், வாடிப்பட்டி, சோழவந்தான் பக்கம் பெரியாற்றுத் தண்ணீர் பாயும் நெல் வயல்களில் வேலை பார்த்தவர்களைக் கேளுங்கள். 1895இல் முல்லைப் பெரியாறு அணை திறந்த பிறகு செழித்த நிலம் அது. தலையில் கட்டோடு, நனைந்த வரப்பில், ஒரு காலுக்கு நேர் முன்னால் மறு காலை வைத்து நடந்த பெண்கள் அவர்கள். குதிகாலும் பெருவிரலும் ஒரே கோட்டில் வர நடப்பதை இன்று பிசியோதெரபி அறையில் ஒரு தேர்வாகவே வைத்திருக்கிறார்கள். அன்று அது வேலைக்குப் போகும் வழி. ஒரு நாள் ஒரு கிழவி வரப்பை விட்டு வயலுக்குள் இறங்கி நடந்தால், கூட வந்தவர்களுக்குப் புரிந்துவிடும். அடுத்த போகத்துக்கு அவளைக் களையெடுக்கக் கூப்பிட மாட்டார்கள்.

வீட்டுக்குள்ளும் அப்படித்தான். தரையில் உட்கார்ந்து சாப்பாடு, கையூன்றி எழுதல், முழங்கால் உயரத் திண்ணை, காலைத் தூக்கித் தாண்ட வேண்டிய நிலைப்படி, குந்தி உட்காரும் கம்மாய்க்கரை. கோயிலுக்குப் போனால் முக்குறுணிப் பிள்ளையார் முன்னால் தோப்புக்கரணம். கையைக் கட்டிக்கொண்டு முப்பது நொடியில் எத்தனை முறை நாற்காலியிலிருந்து எழுகிறீர்கள் என்று இன்றைய மருத்துவர் எண்ணுவதும், காதைப் பிடித்துக்கொண்டு எத்தனை கரணம் போட முடிகிறது என்பதும் கிட்டத்தட்ட ஒரே தசையைப் பார்ப்பவை. தொடையின் முன்பக்கத் தசை. முதுமையில் வலு குறைந்தால் முதலில் காலை வாருவது அதுதான்.

ஆனால் அந்தக் காலத்தைக் கொண்டாட எனக்கு மனமில்லை. அந்தத் தினசரிச் சோதனையில் தேறாதவருக்கு யாரும் மருந்து தரவில்லை, பயிற்சி தரவில்லை. திண்ணை ஓரத்தில் உட்கார வைத்தார்கள். அதோடு அறுபதைத் தாண்டியவர்களே அப்போது கொஞ்சம். நாடு விடுதலை அடைந்த நாட்களில் இந்தியர்களின் சராசரி ஆயுள் முப்பதுகளில்தான் நின்றது. இன்று அது எழுபதை ஒட்டி இருக்கிறது. மத்திய அரசின் 2021ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி தமிழ்நாட்டு மக்களில் 13.6 சதவீதம் பேர் அறுபது வயதைக் கடந்தவர்கள். கேரளத்துக்கு அடுத்து நாம்தான். ஆகவே விழுதல் என்பது ஏதோ ஒரு வீட்டுத் துயரமாக இனி இருக்கப் போவதில்லை. உலகம் முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 6,84,000 பேர் விழுந்து இறக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அவர்களில் எண்பது சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் நம்மைப் போன்ற, வருமானம் குறைந்த, நடுத்தர நாடுகளைச் சேர்ந்தவர்கள்.

உடலின் சமநிலையை மருத்துவர்கள் சோதிக்கத் தொடங்கியது பத்தொன்பதாம் நூற்றாண்டில். பெர்லினில் இருந்த மொரிட்ஸ் ராம்பெர்க், தண்டுவடம் பழுதான நோயாளிகள் கால்களைச் சேர்த்து நின்று கண்ணை மூடியதும் ஆடி விழப் போவதைக் கண்டு எழுதி வைத்தார். நம் பெரியாஸ்பத்திரியில், அதாவது எர்ஸ்கின் ஆஸ்பத்திரி என்று தொடங்கி இன்று அரசு ராஜாஜி மருத்துவமனையாக இருக்கும் இடத்தில், மருத்துவ மாணவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கற்றது இந்த ராம்பெர்க் சோதனையைத்தான். அது நரம்பு நோயைக் கண்டுபிடிக்கும் வழி. நோய் எதுவும் இல்லாமல், வயது மட்டுமே ஆன ஒருவர் நாளைக்கு விழுவாரா என்பது அதன் கேள்வி அல்ல.

அந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் முதியோர் மருத்துவர்கள். பிரிட்டனின் பெர்னார்ட் ஐசக்ஸ், முதுமையைத் தாக்கும் நான்கு பெரும் பூதங்கள் என்று சிலவற்றைப் பட்டியலிட்டார். அதில் ஒன்று தடுமாற்றம். 1986இல் மத்தியாஸ், நாயக் என்ற இருவரோடு சேர்ந்து அவர் ஒரு எளிய சோதனையை வெளியிட்டார். நாற்காலியிலிருந்து எழு, நட, திரும்பு, வந்து உட்கார். பார்ப்பவர் மதிப்பெண் போடுவார். 1991இல் கனடாவின் போட்சியாட்லோ, ரிச்சர்ட்சன் இருவரும் மதிப்பெண்ணுக்குப் பதில் கடிகாரத்தை வைத்தார்கள். டைம்ட் அப் அண்ட் கோ என்று இன்று உலகம் முழுக்கச் செய்யப்படுவது அதுதான். இதே காலத்தில் கனடாவில் கேத்தரின் பெர்க் பதினான்கு செயல்களும் 56 மதிப்பெண்ணும் கொண்ட அளவுகோலை உருவாக்கினார். அமெரிக்காவின் மேரி டினெட்டி நடையையும் நிற்பையும் சேர்த்து 28 மதிப்பெண்ணுக்கு ஒரு சோதனை தந்தார். சென்னைப் பொது மருத்துவமனையில் டாக்டர் வி.எஸ். நடராஜன் 1978இல் முதியோருக்கென்று தனிப் புறநோயாளிப் பிரிவைத் தொடங்கியிருந்தார். நாட்டிலேயே முதல் முயற்சி அது. ஆக, அறிவு நம் மாநிலத்துக்கு வராமல் இல்லை. தெருவுக்கு வரத்தான் தாமதமாகியது.

நகரத்தில் ஒரு பிசியோதெரபி அறையில் இந்தச் சோதனையைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். கை வைத்த நாற்காலி ஒன்று. அதிலிருந்து மூன்று மீட்டர் தள்ளித் தரையில் சிவப்பு டேப் ஒட்டியிருந்தது. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து மகளோடு வந்த ஒரு பாட்டி, சுங்குடிச் சேலைக் கொசுவத்தை இடுப்பில் சற்று ஏற்றிச் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அம்மாச்சி, நான் சொன்னதும் எந்திரிச்சு அந்தச் செவப்புக் கோடு வரைக்கும் போய்ட்டு, திரும்பி வந்து உக்காரணும்."

"ஓடணுமாய்யா?"

"ஓட வேணாம் ஆத்தா. கடைக்கு நடக்குற மாதிரி நடங்க, போதும்."

பாட்டி எழுந்தார். முதல் முயற்சியில் எழவில்லை. உடம்பை முன்னுக்குத் தள்ளி, கைப்பிடியை அழுத்தி, இரண்டாவது உந்தலில் எழுந்தார். போகும்போது நடை மோசமில்லை. கோட்டுக்கு வந்ததும்தான் விஷயம் தெரிந்தது. நாமெல்லாம் இரண்டு மூன்று அடியில் திரும்புவோம். அவர் நின்ற இடத்திலேயே சின்னச் சின்னதாக அடி வைத்து, உடம்பு முழுவதையும் ஒரே கட்டையாகத் திருப்பினார். ஒரு கணம் இடது கை காற்றில் சுவரைத் தேடியது. மகள் பதறி முன்னால் வந்தார், தெரபிஸ்ட் கையைக் காட்டி நிறுத்தினார். அவரும் பாட்டிக்கு ஒரு முழ தூரத்தில், பிடிக்கத் தயாராக, கூடவே நடந்தபடிதான் இருந்தார். உட்காரும்போது பாட்டி மெதுவாக இறங்கவில்லை, தொப்பென்று விழுந்தார். இருபது நொடியைத் தாண்டியிருந்தது கடிகாரம்.

அந்த இருபது நொடிக்குள் எத்தனை செய்திகள்! எழ முடியாதது தொடைத் தசையின் சேதி. திரும்பும்போது கால் குழம்புவது சமநிலையின் சேதி. முதியவர்கள் நேராக நடக்கும்போது மட்டுமல்ல, திரும்பும்போதும் அதிகம் விழுகிறார்கள். அப்படிப் பக்கவாட்டில் விழும்போது அடி நேராக இடுப்பெலும்பில் இறங்குகிறது. 12 நொடிக்கு மேல் ஆனால் கவனிக்க வேண்டும் என்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் கணக்கு. 2022இல் வந்த உலக வழிகாட்டுதல் 15 நொடியைச் சொல்கிறது. எந்தக் கணக்கை எடுத்தாலும் அந்தப் பாட்டிக்கு உடனடியாகப் பயிற்சி தேவை. ஒரே ஒரு சோதனையை வைத்து யார் விழுவார், யார் விழமாட்டார் என்று அறுதியிட்டுச் சொல்லிவிட முடியாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அதனால்தான் நல்ல மருத்துவர்கள் நடையைப் பார்த்ததோடு நிறுத்தாமல் கண்ணையும் பாதத்தையும் மாத்திரைப் பையையும் பார்க்கிறார்கள்.

நாம் நிமிர்ந்து நிற்பது மூன்று வழியாக மூளைக்கு வரும் செய்தியால். கண் பார்க்கிறது, உட்காது சாய்வைச் சொல்கிறது, பாதமும் மூட்டும் தரையைச் சொல்கின்றன. இளமையில் ஒன்று பழுதானால் மற்ற இரண்டும் ஈடுகட்டிவிடும். வயதானால் அந்த இருப்பு குறைகிறது. முகத்தில் சோப்புப் போட்டுக் கண்ணை மூடியதும் ஆடுகிறது என்று ஒருவர் சொன்னால், அவருடைய பாதம் மூளைக்குச் சரியாகச் சேதி அனுப்பவில்லை என்று சந்தேகிக்க வேண்டும். அதுவரை கண்ணை வைத்தே அவர் சமாளித்துக்கொண்டிருந்திருக்கிறார். நம் ஊரில் இதற்கு முதல் காரணம் சர்க்கரை. செருப்புக் கழன்றது கூடத் தெரியாமல் நடந்து வருகிறவர்களை எல்லோரும் பார்த்திருப்போம். அவர்கள் கிளினிக்கில் ரத்தச் சர்க்கரையை மாதாமாதம் பார்க்கிறார்கள். கணுக்காலில் இசைக்கவை அதிர்வு தெரிகிறதா, பாதத்தில் நைலான் இழை குத்துவது தெரிகிறதா என்று எத்தனை பேருக்குப் பார்க்கப்படுகிறது?

கண்ணைப் பற்றிச் சொல்லும்போது மதுரைக்காரர்கள் நிமிர்ந்து சொல்லலாம். அன்று கண்புரை எடுத்தால் உள்ளே லென்ஸ் வைக்கமாட்டார்கள். சோடாபுட்டிக் கண்ணாடியோடுதான் வீடு திரும்புவார்கள். அந்தக் கண்ணாடி எல்லாவற்றையும் பெரிதாக்கிக் கிட்டத்தில் காட்டும், ஓரப் பார்வையை விழுங்கிவிடும். படி இருக்கும் இடம் ஒன்று, கால் வைக்கும் இடம் வேறொன்று. பார்வை வந்தும் விழுந்தவர்கள் உண்டு. அரசுப் பணியிலிருந்து 58 வயதில் ஓய்வு பெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி, 1976இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். 1992இல் ஆரோலேப் வந்து கண்ணுக்குள் வைக்கும் லென்ஸை ஏழைகளுக்கும் எட்டும் விலையில் இங்கேயே தயாரித்தது. சோடாபுட்டி மறைந்தது. இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் எழுபது வயதைத் தாண்டிய பெண்களிடம் நடந்த ஆய்வொன்று 2005இல் வெளியானது. முதல் கண்ணில் புரை எடுத்ததும் விழுவது 34 சதவீதம் குறைந்திருந்தது. அப்படியென்றால் அரை நூற்றாண்டாக மேலூரிலும் திருமங்கலத்திலும் முகாம் போட்டு ஆட்களை அழைத்து வந்த பேருந்துகள், பார்வையோடு சேர்த்து எத்தனை இடுப்பெலும்பைக் காப்பாற்றியிருக்கும்! கண்ணுக்கு இப்படி ஊர் ஊராகப் போன மருத்துவம், காலுக்கு இன்னும் போகவில்லை.

மாத்திரைப் பை விஷயம் இன்று புதிது. அன்றைய பாட்டிக்கு மாத்திரையே கிடையாது. இன்றைய பாட்டிக்குக் காலையில் நாலு, இரவில் மூன்று. ரத்த அழுத்த மாத்திரை, தூக்க மாத்திரை, தாத்தாவுக்கு புராஸ்டேட் மாத்திரை. ராத்திரி ஒன்றுக்குப் போக எழுந்ததும் கிறுகிறுவென்று வருகிறதா என்று கேட்டு, படுத்தபடி ஒரு முறை, எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் ஒரு முறை ரத்த அழுத்தம் எடுக்க வேண்டும். மேல் எண் 20 குறைந்தால் மருந்தைத் திருத்த வேண்டியிருக்கும். இதைச் செய்ய ஐந்து நிமிடம் போதும். புறநோயாளிகள் வரிசையில் அந்த ஐந்து நிமிடம்தான் கிடைப்பதில்லை.

வீடும் மாறிவிட்டது. சிமெண்ட் தரையும் மண் தரையும் போய், ஈரம் பட்டால் கண்ணாடியாகும் டைல்ஸ் வந்துவிட்டது. சாப்பாட்டு மேஜை, சோபா, வெஸ்டர்ன் டாய்லெட். முழங்கால் வலிக்காரர்களுக்கு இவை பெரிய ஆறுதல், குறை சொல்ல மாட்டேன். ஆனால் தரையில் உட்கார்ந்து எழும் பழக்கம் நாற்பது வயதிலேயே விட்டுப் போகிறது. பிரேசில் மருத்துவர் கிளாடியோ அராவ்ஜோ 2012இல் ஒரு ஆய்வை வெளியிட்டார். கையோ முழங்காலோ ஊன்றாமல் தரையில் உட்கார்ந்து எழுவதற்குப் பத்து மதிப்பெண், ஒவ்வொரு ஊன்றலுக்கும் ஒன்று கழியும். மதிப்பெண் குறைந்தவர்களிடம் இறப்பு விகிதம் கூடுதலாக இருந்தது. நம் தாத்தாக்கள் பந்தியில் நாள்தோறும் செய்ததை அங்கே ஆய்வுக்கூடத்தில் அளந்தார்கள். அதே குழு 2022இல் இன்னொன்றையும் சொன்னது. 51 முதல் 75 வயது வரை உள்ள 1,702 பேரில், ஒற்றைக் காலில் பத்து நொடி நிற்க முடியாதவர்களுக்கு அடுத்த சில ஆண்டுகளில் இறக்கும் அபாயம் அதிகம்.

ஒற்றைக்கால் என்றதும் மதுரைக்காரர் மனதில் வெள்ளியம்பலம் வரும். பரதம் கற்றுக்கொண்ட ராசசேகர பாண்டியன், ஒற்றைக்காலில் நிற்பது எவ்வளவு நோவு என்று தன் உடம்பிலேயே உணர்ந்து, ஆண்டவனுக்கும் வலிக்குமே என்று உருகி வேண்ட, நடராசர் கால் மாறி ஆடினார் என்பது திருவிளையாடல். மீனாட்சியம்மன் கோயிலில் இன்றும் அவர் வலது காலைத் தூக்கியபடி நிற்கிறார். எனக்கு அந்தக் கதையில் பிடித்தது பாண்டியனின் கவனம். இன்னொருவரின் காலில் என்ன பாரம் இருக்கிறது என்று நினைத்துப் பார்த்த கவனம் அது. நம் வீட்டுப் பெரியவர்களுக்கு அந்தக் கவனம் வேண்டியிருக்கிறது.

வீட்டிலேயே பார்க்கலாம். சமையல் மேடை அல்லது சுவருக்குப் பக்கத்தில், ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் நிற்க, செருப்பில்லாமல். முதலில் இரண்டு பாதத்தையும் சேர்த்துப் பத்து நொடி. பிறகு ஒரு பாதத்தை அரைப் பாதம் முன்னால் நகர்த்திப் பத்து நொடி. பிறகு வரப்பில் நிற்பதுபோல் ஒன்றின் முன் ஒன்றாக. கடைசியில் ஒற்றைக்கால். மூன்றாவது நிலையில் பத்து நொடி நிற்க முடியாவிட்டால் டாக்டரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ காட்ட வேண்டும். இன்னும் எளிய அடையாளம் ஒன்றை சுவீடன் ஆய்வாளர்கள் 1997இல் எழுதினார்கள். நடந்துகொண்டே பேச்சுக் கொடுங்கள். பதில் சொல்ல அவர் நின்றுவிட்டால், நடையே அவருடைய முழுக் கவனத்தையும் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். தெப்பக்குளத்தைச் சுற்றி மாலையில் அப்பாவோடு நடக்கிறவர்கள் இன்றைக்கே இதைக் கவனிக்கலாம்.

கண்டுபிடித்த பிறகு நாம் செய்வதுதான் எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. அம்மா தடுமாறுகிறார் என்று தெரிந்ததும் வீடே சேர்ந்து, "நீங்க ஒண்ணும் செய்ய வேணாம், பேசாம உக்காருங்க" என்கிறது. அன்று திண்ணையில் உட்கார வைத்தோம், இன்று டிவி முன்னால் உட்கார வைக்கிறோம். உட்கார்ந்தால் தசை கரையும், பயம் கூடும், அடுத்த முறை எழும்போது விழும் வாய்ப்பும் கூடும். நூற்றுக்கு மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்த 2019ஆம் ஆண்டு காக்ரேன் ஆய்வு, சரியான உடற்பயிற்சி விழுதல்களை 23 சதவீதம் குறைக்கிறது என்கிறது. நாற்காலியைப் பிடித்தபடி குதிகாலைத் தூக்குவது, எழுந்து உட்காருவது, பக்கவாட்டில் நடப்பது போன்ற பயிற்சிகள்தாம். வாரத்துக்கு மூன்று நாள், மாதக்கணக்கில். அந்த உசிலம்பட்டிப் பாட்டிக்கும் தெரபிஸ்ட் இவற்றையே எழுதிக் கொடுத்தார். கூடவே குளியலறையில் கைப்பிடிக் கம்பி, இரவில் எரியும் சிறு விளக்கு.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டு வாசலில் கொடுக்கிறது. பிசியோதெரபிஸ்டும் அந்தத் திட்டத்தில் வீடு தேடி வருகிறார், ஆனால் பெரும்பாலும் ஏற்கெனவே படுத்தவரைத் தேடி. ஆட்களும் வழியும் இருக்கின்றன. மாத்திரை கொடுக்க வரும் பெண்ணின் பையில் ஒரு டேப் போதும், ஒரு கைபேசி போதும். அறுபதைத் தாண்டிய ஒவ்வொருவரிடமும் வருடத்துக்கு ஒரு தடவை மூன்று கேள்வி கேட்கட்டும். போன வருடத்தில் விழுந்தீர்களா, நிற்கும்போதோ நடக்கும்போதோ தடுமாறுகிறதா, விழுந்துவிடுவோமோ என்று பயமாக இருக்கிறதா. ஒன்றுக்கு ஆம் என்றாலும் நாற்காலியைப் போட்டு நடக்கச் சொல்லட்டும். நொடிக் கணக்கை ரத்த அழுத்தத்துக்குப் பக்கத்தில் அட்டையில் எழுதட்டும். அரசு இதைச் செய்ய வேண்டும் என்று கேட்பது நம் உரிமை. அதுவரை காத்திருக்க வேண்டாம். இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுப் பெரியவரிடம் நாற்காலியைப் போட்டுக் கேளுங்கள், நீங்கள் பக்கத்திலேயே நின்றுகொண்டு.